லா (சட்டம்) படிக்க பொண்ண வெளிநாடு அனுப்பணுமா, இல்ல இங்க சிங்கப்பூர்லயே போதுமா?

ஈசூன்அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். பொண்ணு ஜேசி 2 (ஜூனியர் காலேஜ் ரெண்டாவது வருஷம்) படிக்கிறா, லாதான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. போன சனிக்கிழமை ஒரு எஜுகேஷன் ஃபேருக்கு போனோம், அங்க ஒரு ஏஜெண்ட் இங்கிலாந்துல ஒரு யூனிவர்சிட்டி பேர சொல்லி, மூணே வருஷம், நாலு வருஷம் இங்க உக்காந்து என்ன பண்ண போறீங்க, ஒரு வருஷம் லாபம்னு ஒரே பேச்சு. ஃபாரம்ல கையெழுத்து போட பேனாவே எடுத்து நீட்டிட்டார். வீட்டுக்காரர் பஸ் ஓட்டுறார், நான் பார்ட் டைம் வேலைதான். சம்பளத்துல பிடிச்சு சேர்க்கிற சிபிஎஃப் சேமிப்புல இருந்து எடுத்து கட்டலாமா? படிச்சிட்டு இங்க வந்து வக்கீலா வேலை பார்க்கணும், அங்கயே தங்குற ஐடியாலாம் இல்ல. யாராவது விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க, நான் ராத்திரி தூங்கல.

பார்ட்ஏ_பாஸ்:
அக்கா, முதல்ல அந்த பேனாவ திருப்பி குடுத்துடுங்க 😅 நான் லண்டன்ல படிச்சிட்டு வந்து இப்ப இங்கதான் ப்ராக்டிஸ் பண்றேன், அதனால சொல்றேன்.

எந்த யூனிவர்சிட்டியில வேணும்னாலும் படிச்சிட்டு வந்து இங்க வக்கீல் ஆயிட முடியாது, கவர்ன்மெண்ட் ஒரு லிஸ்ட் வச்சிருக்கு. முன்னாடி இங்கிலாந்துல மட்டும் 19 இருந்துச்சு, 2015ல எட்ட தூக்கிட்டாங்க, 2016ல இருந்து சேர்றவங்களுக்கு 11தான். மிச்சம் இருக்கிறது ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ், எல்எஸ்இ, யூசிஎல், கிங்ஸ், குயின் மேரி, டர்ஹம், பிரிஸ்டல், வாரிக், நாட்டிங்ஹம், பர்மிங்ஹம். தூக்குனதுல மான்செஸ்டர், லீட்ஸ், ஷெஃபீல்ட் மாதிரி நல்ல பேருள்ள இடமும் இருக்கு, அதனால ரேங்கிங்க காட்டுனா ஏமாறாதீங்க, லிஸ்ட்ல இருக்கான்னு மட்டும் பாருங்க. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்காவுலயும் சிலது இருக்கு. அங்கயே போய் ஃபுல் டைமா படிக்கணும், வீட்ல இருந்து படிக்கிற எக்ஸ்டர்னல் டிகிரி செல்லாது. டிகிரியில எந்த ஹானர்ஸ் கிளாஸ் (தேர்ச்சி தரம்) வாங்கியிருக்காங்கன்னும் பார்ப்பாங்க.

அந்த மூணு வருஷ கணக்குக்கு வரேன். மூணு வருஷம் முடிச்சிட்டு வந்தா வக்கீல் ஆகறதுக்கான கடைசி பார் எக்ஸாம், அதாவது பார்ட் பி, நேரா எழுத முடியாது, முதல்ல வெளிநாட்டுல படிச்சவங்களுக்குன்னு இருக்கிற பார்ட் ஏ, அது வருஷ கடைசியில. அப்புறம் அடுத்த வருஷம் ஜூலை வாக்குல பார்ட் பி கோர்ஸ் ஆரம்பிக்கும், அது முடிஞ்சு எக்ஸாம். இங்க நாலு வருஷம் படிச்ச புள்ளைக்கு பார்ட் ஏ கிடையாது, நேரா அதே ஜூலை பார்ட் பிக்கு வந்து உக்காந்துடும். என் ஜேசி கிளாஸ்மேட் என் பக்கத்து சீட்லதான் உக்காந்து எழுதுனா. லாபம்னு சொன்ன ஒரு வருஷம் எங்க போச்சு சொல்லுங்க?

பார்ட் ஏ சும்மா இல்ல, அஞ்சு பேப்பர். இங்கிலாந்துல கொலைக்கு பீனல் கோடே (குற்றச் சட்டத் தொகுப்பு) கிடையாது, பழைய கோர்ட் தீர்ப்புகள வச்சுத்தான் படிப்பாங்க. நம்ம பீனல் கோடும் எவிடென்ஸ் ஆக்டும் (சாட்சியச் சட்டம்) பிரிட்டிஷ்காரன் இந்தியாவுக்கு எழுதுனத வச்சு இங்க கொண்டு வந்தது, அதனால செக்‌ஷன் 299, 300ன்னு முதல்ல இருந்து மனப்பாடம். மூணு வருஷம் லண்டன் குளிர்ல படிச்சிட்டு வந்து, தோ பாயோ லைப்ரரியில இந்தியன் கேஸ் படிச்சிட்டு கிடந்தேன்.

செங்காங்_அப்பா:
தங்கச்சி, காசு விஷயம் நான் சொல்றேன், என் பையன அனுப்பி வச்சவன். சிபிஎஃப் எஜுகேஷன் ஸ்கீம் உள்ளூர் படிப்புக்கு மட்டும்தான், வெளிநாட்டுக்கு ஒரு காசு எடுக்க முடியாது. லண்டன் ஃபீஸ் மட்டும் வருஷத்துக்கு 25,000 பவுண்டுக்கு மேல, ஒரு பவுண்டு 1.70ன்னு வச்சாலும் 42,500 சிங்கப்பூர் வெள்ளி ஆச்சு, ரூம் சாப்பாடு ப்ளேன் டிக்கெட் தனி. இங்க சிட்டிசனுக்கு வருஷம் சுமார் 13,000 வெள்ளிதான். நான் பேங்க் லோன் போட்டேன், பையன் இப்ப வக்கீல் ஆகறதுக்கு முன்னாடி செய்யணும்ங்கிற ட்ரெய்னிங்ல இருக்கான், அதுவும் முந்தி ஆறு மாசம் இருந்தத 2024ல இருந்து ஒரு வருஷம் ஆக்கிட்டாங்க. லோன் நான்தான் இன்னும் கட்டிட்டு இருக்கேன். போனத தப்புன்னு சொல்லல, பையன் நல்லா பேச கத்துக்கிட்டான், தனியா சமைப்பான். ஆனா உங்க நிலைமையில நான் கடன் வாங்கி அனுப்ப மாட்டேன். பிஎஸ்சி (கவர்ன்மெண்டோட பப்ளிக் சர்வீஸ் கமிஷன்) ஸ்காலர்ஷிப் கிடைச்சா வேற கதை, படிச்சு முடிச்சு இத்தன வருஷம் அவங்ககிட்ட வேலை பார்க்கணும்னு பாண்டு இருக்கும், பரவால்லன்னா போகட்டும்.

லா_இயர்3:
ஆன்ட்டி, நான் சிங்கப்பூர்லதான் லா படிக்கிறேன், இப்ப ஸ்டூடண்ட் எக்ஸ்சேஞ்ச்ல ஒரு செமஸ்டர் மட்டும் வெளிநாட்டு யூனிவர்சிட்டிக்கு வந்திருக்கேன், இங்கயும் நம்ம யூனிவர்சிட்டி ஃபீஸ்தான் கட்டுறேன். ரூம் செலவு மட்டும் எக்ஸ்ட்ரா. காலையில ரைஸ் குக்கர்ல ரசம் வைக்கிற அளவுக்கு வந்துட்டேன், வெளிநாட்டு ஆசைக்கு இது போதும் 😂 உள்ளூர்ல என்யூஎஸ், எஸ்எம்யூ, எஸ்யூஎஸ்எஸ் மூணு இருக்கு, மூணாவது கிரிமினல், ஃபேமிலி லா பக்கம். மினிஸ்டர் சண்முகம் கூட என்யூஎஸ்தான்.

ஆனா ஒண்ணு, சிங்கப்பூர்ல சீட் கிடைக்கலன்னா என்ன பண்றதுங்கிற பயம் எல்லாருக்கும் இருக்கு, ஜேசி முடிவுல எழுதுற ஏ லெவல் ரிசல்ட் வந்த அப்புறம்தான் சிங்கப்பூர்ல அப்ளிகேஷன், அதுக்குள்ள யூகே ஆஃபர் கையில இருக்கும். அதனால அப்ளை பண்ணி வைங்க, சேரணும்னு கட்டாயம் இல்ல. யூகே யூனிவர்சிட்டிக்கெல்லாம் அப்ளை பண்ற வெப்சைட் யூகாஸ், அதுல அஞ்சு சாய்ஸ், ஆக்ஸ்ஃபோர்ட் கேம்பிரிட்ஜ்ல ஏதாவது ஒண்ணுதான் போட முடியும், அதுக்கு அக்டோபர் 15 கடைசி, மத்ததுக்கு ஜனவரி. யூசிஎல், எல்எஸ்இ, கிங்ஸ்க்கு எல்நாட்னு லா சேர்றதுக்கான நுழைவுத் தேர்வு எழுதணும், 42 கேள்வி 95 நிமிஷம், அப்புறம் ஒரு கட்டுரை 40 நிமிஷம். வருஷத்துக்கு ஒரு தடவைதான் எழுத முடியும், ப்ராக்டிஸ் பண்ணாம போய் உக்காந்துட வேணாம்னு சொல்லுங்க.

ஈசூன்அம்மா:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். பொண்ண கூப்பிட்டு லிஸ்ட்ட தேட சொன்னேன், மேல இருந்து கீழ வரைக்கும் ரெண்டு தடவை பார்த்துட்டா, அந்த ஏஜெண்ட் சொன்ன பேரு அதுல இல்ல. அவரு நாளைக்கு போன் பண்ணுறேன்னு சொல்லியிருக்கார். என்ன சொல்லி வைக்கிறது?

பார்ட்ஏ_பாஸ்:
அவரு கூப்பிட்டா போனை பொண்ணுகிட்ட குடுங்க அக்கா. வக்கீல் ஆகணும்னா இதுதான் முதல் கேஸ்.