2010 மாடல் காருக்கு இன்ஜின் வேலை பார்க்கலாமா, வண்டியையே மாற்றிவிடலாமா?

கேள்வி (தூத்துக்குடி):
பெட்ரோல் வண்டி. காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை கக்குகிறது, கொஞ்ச நேரத்தில் புகை நின்றுவிடுகிறது. இன்ஜினை இறக்கி வேலை பார்க்க 45,000 கேட்கிறார் மெக்கானிக். விற்றால் அறுபதுக்கு மேல் போகாது. அப்பா வாங்கிய வண்டி, கைவிட மனசு வரவில்லை. என்ன செய்யலாம் அண்ணே?

பதில்:
தம்பி, அவசரப்பட்டு இன்ஜினை இறக்காதீர்கள். காலையில் மட்டும் புகை என்றால் வால்வு சீல் (வால்வு வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் ரப்பர்) தேய்ந்திருக்கவே வாய்ப்பு அதிகம். ராத்திரி கசிந்த ஆயில் ஸ்டார்ட் செய்ததும் எரிகிறது. ஓட்டத்தில் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் புகைந்தால் பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையமான பிஸ்டன் ரிங்கைச் சந்தேகப்படலாம். முதலில் கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் அழுத்தம் சரியாக இருக்கிறதா என்ற சோதனை) எடுக்கச் சொல்லுங்கள்.

அதைவிட எனக்குப் பயம் துருதான். உங்கள் ஊர் உப்புக் காற்று சும்மா விடாது. வண்டியை லிஃப்டில் ஏற்றி, ஜாக்கி வைக்கும் இடத்தை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அடிப்பகுதியே துருவில் அரித்துவிட்டது என்று அர்த்தம்; இன்ஜினுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள்.

இன்னொரு பதில்:
ஆர்.சி. (பதிவுச் சான்று) புதுப்பித்தாயிற்றா? 15 வருடம் முடிந்த காருக்கு எஃப்.சி. (தகுதிச் சோதனை) காட்டி ஐந்து வருடத்துக்கு ஆர்.சி.யைப் புதுப்பித்து வாங்க வேண்டும். கட்டணம் 5,000, பசுமை வரி தனி. அதையும் கணக்கில் சேருங்கள்.

கேட்டவர்:
குத்திப் பார்த்தாயிற்று அண்ணே, கெட்டியாக இருக்கிறது. நாளை கம்ப்ரஷன் டெஸ்ட். சீல்தான் என்றால் மாற்றிவிட்டு ஆர்.சி.க்குப் போகிறேன்.