ஆபீஸ் ஃபேக்ஸில் போலிங் பயன்படுத்தியவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நானே தொடங்குகிறேன். எங்களுக்குக் கிளைகளிலிருந்து தினமும் சாயங்காலம் இருப்புக் கணக்கு ஃபேக்ஸில் வரும். எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் ஒன்றாக அனுப்புவார்கள், இங்கே இருப்பதோ ஒரே லைன், பாதிப் பேருக்கு பிஸி டோன்தான். அப்போதுதான் போலிங்குக்கு மாறினோம். கிளையில் தாளை ஸ்கேன் செய்து மெமரியில் வைத்துவிட்டால் போதும், அவர்கள் டயல் செய்ய வேண்டியதில்லை, இரவில் எங்கள் மெஷினே ஒவ்வொரு நம்பராகக் கூப்பிட்டு எடுத்துக்கொள்ளும். கால் செலவும் கூப்பிடுகிற எங்களுக்குத்தான்.

முதல் வாரம் நிம்மதியாகப் போனது. அப்புறம் ஒரு நாள் காலையில் ஒரு கிளையின் கணக்கு மட்டும் வரவில்லை. கேட்டால், "நேத்தே போயிடுச்சே சார், ரிப்போர்ட்ல ஓகேன்னு இருக்கு" என்கிறார்கள். அரை நாள் தேடிய பிறகுதான் தெரிந்தது, எங்கள் கணக்குப் பிரிவில் இருக்கும் இன்னொரு மெஷினிலிருந்து ஒருவர் அவசரத்துக்கு முதல் நாள் சாயங்காலமே அதை எடுத்திருக்கிறார். நாங்கள் வைத்திருந்த முறையில் ஒரு தடவை எடுத்தாலே மெமரியிலிருந்து அழிந்துவிடும். பலமுறை எடுக்க வேண்டுமென்றால் புல்லட்டின் போர்டு என்று தனியாக ஒரு அமைப்பு இருக்கிறது, அது அதுவரை எனக்குத் தெரியாது. கணக்கு காணாமல் போனதைவிட என்னை உலுக்கியது வேறு: பாஸ்வேர்ட் போடாததால், அந்த நம்பர் தெரிந்த வெளியாள் யார் போலிங் கொடுத்தாலும் மெஷின் எங்கள் கணக்கைத் தூக்கிக் கொடுத்திருக்கும். அன்றே எல்லாக் கிளையிலும் நாலு இலக்க பாஸ்வேர்ட் போட வைத்தேன்.

—

எங்களுக்கு அந்த பாஸ்வேர்டில்தான் சிக்கலே வந்தது. இங்கே ஒரு கம்பெனி மெஷின், எதிர்முனையில் வேறு கம்பெனி. பாஸ்வேர்ட் இல்லாமல் கேட்டால் தாள் வருகிறது, போட்டுக் கேட்டால் லைன் கட்டாகிறது. கையேட்டைப் புரட்டினால், பாஸ்வேர்டோடு எடுப்பது தங்கள் மெஷின்களுக்கு இடையே மட்டும்தான் என்று போட்டிருந்தது. இப்போது எடுக்கப் போகும் நேரத்தைப் போனில் சொல்லிவிடுகிறோம், அதற்குப் பத்து நிமிடம் முன்னால்தான் அவர்கள் தாளை மெமரியில் ஏற்றுவார்கள்.

—

இரவில் எடுப்பதாக இருந்தால் கிளம்பும் முன் கிளை மெஷின் ஆட்டோ ரிசீவில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஒருவர் மேனுவலில் விட்டுப் போய்விட்டார். எங்கள் மெஷின் திரும்பத் திரும்பக் கூப்பிட்டது, அங்கே மணி அடித்ததே தவிர எடுக்க ஆளில்லை, காலையில் தோல்வி ரிப்போர்ட்தான் தட்டில் கிடந்தது.