மைஎஸ்க்யூஎல்ஐ_கனெக்ட் இல்லைன்னு சொல்லுது, அவசரம்

செம்மண்:
பிஎச்பி போட்டாச்சு. சாதாரண பக்கம் எல்லாம் ஓடுது. டேட்டாபேஸ் பக்கத்துக்குப் போனா மட்டும் "கால் டு அன்டிஃபைன்ட் ஃபங்ஷன் மைஎஸ்க்யூஎல்ஐ_கனெக்ட்()"னு வந்து நிக்குது. பிஎச்பி.ஐஎன்ஐ செட்டிங்ஸ் ஃபைல்ல மைஎஸ்க்யூஎல்ஐ (டேட்டாபேஸோட பேசுற எக்ஸ்டென்ஷன்) வரிக்கு முன்னாடி இருந்த செமிகோலனை எடுத்துட்டேன், ரீஸ்டார்ட்டும் பண்ணியாச்சு. திங்கக்கிழமை காலேஜ்ல ப்ராஜெக்ட் காட்டணும். தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க.

வைகைக்கரை:
இவ்வளவை வைத்து எதுவும் சொல்ல முடியாது, நண்பரே. விண்டோஸா, லினக்ஸா? ஸாம்ப் மாதிரி எல்லாம் சேர்ந்து வருவதைப் போட்டீர்களா, அப்பாச்சி வெப் சர்வரையும் பிஎச்பியையும் தனித்தனியாகவா? பிஎச்பி எந்தப் பதிப்பு, எந்த டிரைவ், எந்த ஃபோல்டர்? செமிகோலன் எடுத்த ஐஎன்ஐ ஃபைல் எங்கே இருக்கிறது? ரீஸ்டார்ட் என்றால் அப்பாச்சியையா, கம்ப்யூட்டரையா, பிரவுசரையா?

மின்னல்கொடி:
ப்ரோ, மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் சர்வர் ஸ்டார்ட் ஆகியிருக்காது. 3306 போர்ட்டை வேற ஏதோ பிடிச்சிருக்கும். கமாண்ட் ப்ராம்ப்ட்ல நெட்ஸ்டாட் -ஏஎன்ஓ அடிங்க, 3306 வர்ற வரியில கடைசி நம்பர்தான் பிஐடி, அதாவது அந்த ப்ரோக்ராமோட நம்பர். டாஸ்க் மேனேஜர்ல அந்த நம்பரைத் தேடி நிறுத்திட்டு மைஎஸ்க்யூஎல்லை மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்க.

முருங்கைமரம்:
போர்ட் இல்லீங்க. விஷுவல் சி++ ரீடிஸ்ட்ரிப்யூட்டபிள் இருக்கான்னு பாருங்க. அது இல்லாத மெஷின்ல பிஎச்பியோட டிஎல்எல் (ஓடும்போது ஏத்திக்கிற ஃபைல்) எதுவும் ஏறாது. 64 பிட் பிஎச்பிக்கு 64 பிட்தான் போடணும், ரெண்டையும் மாத்திப் போட்டாலும் இப்படித்தான் வரும்.

பழைய_சர்வர்:
இரண்டும் இல்லை. பிழைச் செய்தியை நிதானமாக வாசிக்கும் பழக்கமே இங்கே போய்விட்டது. "அன்டிஃபைன்ட் ஃபங்ஷன்" என்றால் அந்த ஃபங்ஷனே பிஎச்பிக்குள் ஏறவில்லை என்று பொருள். மைஎஸ்க்யூஎல் நின்றிருந்தால் ஃபங்ஷன் ஓடி, இணைப்பு மறுக்கப்பட்டது என்று 2002-ம் எண் பிழை வந்திருக்கும். விஷுவல் சி++ இல்லையென்றால் பிஎச்பியே எழுந்திருக்காது. சாதாரணப் பக்கம் ஓடுகிறது என்று கேட்டவர் எழுதியிருக்கிறார். பிஎச்பி மேனுவலில் விண்டோஸ் நிறுவல் பகுதியைப் படித்துவிட்டு வந்து கேட்பதுதான் முறை. திங்கட்கிழமை வரை அதற்கு நேரம் தாராளம்.

செம்மண்:
விண்டோஸ் 11. ஸாம்ப் இல்ல, அப்பாச்சி 2.4 தனியா, பிஎச்பி 8.3 ஜிப் தனியா. கமாண்ட் ப்ராம்ப்ட்ல பிஎச்பி -எம் அடிச்சா ஏறின எக்ஸ்டென்ஷன் லிஸ்ட்ல மைஎஸ்க்யூஎல்ஐ வருது!! அப்போ ஏறியிருக்குன்னுதானே அர்த்தம்?

முருங்கைமரம்:
பிஎச்பி ஜிப் ரெண்டு வகை வருமே, நீங்க போட்டது த்ரெட் சேஃப் ஜிப்பா, "நான்-த்ரெட் சேஃப்" (த்ரெட் சேஃப் அல்லாத) ஜிப்பா? "நான்-த்ரெட் சேஃப்"னா அப்பாச்சி மாட்யூலா ஓடாது.

வைகைக்கரை:
அப்பாச்சிக்கான பிஎச்பி8அப்பாச்சி2_4.டிஎல்எல் த்ரெட் சேஃப் ஜிப்பில் மட்டும்தான் இருக்கும். பக்கம் ஓடுகிறது என்றால் அந்த டிஎல்எல் ஏறியிருக்கிறது. அந்தச் சந்தேகத்தை விட்டுவிடலாம்.

மின்னல்கொடி:
ஃபைல் பேரு பிஎச்பி.ஐஎன்ஐ.டிஎக்ஸ்டினு சேவ் ஆகியிருக்கும். எக்ஸ்ப்ளோரர்ல வியூ, ஷோ போய் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் டிக் பண்ணிப் பாருங்க.

பனங்கிழங்கு:
அதுவும் இருக்காது, மின்னல்கொடி. பேர் பிழையெண்டால் கமாண்ட் ப்ராம்ப்ட்டிலயும் மைஎஸ்க்யூஎல்ஐ வந்திருக்காது.

தம்பி செம்மண், கமாண்ட் ப்ராம்ப்ட்டில ஓடுறது பிஎச்பி.இஎக்ஸ்இ. பிரவுசரில ஓடுறது அப்பாச்சிக்குள்ள ஏறின டிஎல்எல். ரெண்டும் ஐஎன்ஐயைத் தேடுற இடம் வேற. பிஎச்பி.இஎக்ஸ்இ தான் இருக்கிற ஃபோல்டரிலயே தேடி எடுத்துப்போடும். அப்பாச்சியில ஏறினது முதலில அப்பாச்சியின்ர செட்டிங்ஸ் ஃபைலான ஹெச்டிடிபிடி.கான்ஃபில சொன்ன இடத்தைப் பார்க்கும், அங்க ஒண்டும் சொல்லேல்லையெண்டால் பிஎச்பிஆர்சி எண்ட என்விரான்மென்ட் வேரியபிள், பிறகு ரெஜிஸ்ட்ரி, பிறகு அப்பாச்சியின்ர ஃபோல்டர், கடைசியா விண்டோஸ் ஃபோல்டர். நீங்கள் பிஎச்பியை அவிழ்த்து வைச்ச ஃபோல்டர் அந்த வரிசையிலயே இல்லை. கிடைக்கேல்லையெண்டால் சத்தமில்லாமல் டிஃபால்ட்டோட ஓடும். அதாலதான் சாதாரணப் பக்கம் எல்லாம் வருது.

ஒரு ஃபைலில பிஎச்பிஇன்ஃபோ() மட்டும் எழுதி பிரவுசரில திறவுங்கோ. மேல "லோடட் கான்ஃபிகரேஷன் ஃபைல்" எண்டு ஒரு வரி இருக்கும். அதில என்ன இருக்கெண்டு அப்பிடியே எழுதுங்கோ.

மின்னல்கொடி:
இவ்வளவு பாடு எதுக்கு? எல்லாத்தையும் அழிச்சுட்டு ஸாம்ப் போட்டா பத்து நிமிஷத்துல முடிஞ்சுரும். மைஎஸ்க்யூஎல்ஐ அதுல ஆன்லயே வரும்.

பழைய_சர்வர்:
ஸாம்ப்பின் விண்டோஸ் பதிப்பு 8.2.12-ல் நிற்கிறது. அதற்குள் இருப்பது மைஎஸ்க்யூஎல்லே இல்லை, அதிலிருந்து பிரிந்த மரியாடிபி 10.4. அதற்கான ஆதரவு 2024 ஜூனோடு முடிந்துவிட்டது. ரூட் என்ற நிர்வாகிக் கணக்குக்குப் பாஸ்வேர்ட் கிடையாது. கற்றுக்கொள்ளும் மாணவனிடம் இதைக் கொடுப்பதை நான் ஏற்க மாட்டேன்.

மின்னல்கொடி:
வீட்டு மெஷின்ல ப்ராஜெக்ட் காட்ட எந்த மரியாடிபியா இருந்தா என்ன? வெளியிலிருந்து யாரும் உள்ள வரப்போறதில்ல. மைஎஸ்க்யூஎல்ஐ ரெண்டோடயும் பேசும். ஒரே குறை, சில நேரம் "மைஎஸ்க்யூஎல் ஷட்டவுன் அன்எக்ஸ்பெக்டட்லி"னு வரும். அப்போ டேட்டா ஃபோல்டர்ல ஐபிடேட்டா1 ஃபைலை டெலிட் பண்ணிட்டு ஸ்டார்ட் குடுத்தா போதும்.

வைகைக்கரை:
யாரும் அதைச் செய்யாதீர்கள்! இன்னோடிபி என்ற வகை டேபிள்கள் எல்லாவற்றின் விவரமும் ஐபிடேட்டா1-க்குள்தான் இருக்கிறது. அதை அழித்தால் மைஎஸ்க்யூஎல் ஸ்டார்ட் ஆகும், டேபிள் பெயர்கள்கூடத் தெரியும், திறந்தால் "டேபிள் டஸ்நாட் எக்ஸிஸ்ட் இன் எஞ்சின்" என்று வரும். ப்ராஜெக்ட் டேட்டா போனது போனதுதான்.

ஸாம்ப்பில் அந்தப் பிழை வந்தால் மைஎஸ்க்யூஎல்லை நிறுத்திவிட்டு, மைஎஸ்க்யூஎல் ஃபோல்டருக்குள் இருக்கும் டேட்டா ஃபோல்டரை டேட்டா_பழையது என்று பெயர் மாற்றுங்கள். பக்கத்திலேயே பேக்கப் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதை நகலெடுத்து, நகலுக்கு டேட்டா என்று பெயர் வையுங்கள். பழையதிலிருந்து உங்கள் சொந்த டேட்டாபேஸ் ஃபோல்டர்களையும் ஐபிடேட்டா1-ஐயும் மட்டும் புதிய டேட்டாவுக்குள் நகலெடுங்கள். மைஎஸ்க்யூஎல், பெர்ஃபார்மன்ஸ்_ஸ்கீமா, பிஎச்பிமைஅட்மின் என்ற பெயருள்ள ஃபோல்டர்களைத் தொடக் கூடாது. ரூட் தவிர வேறு யூசர் வைத்திருந்தால் மறுபடி உருவாக்க வேண்டிவரும். பழைய ஃபோல்டரை எல்லாம் சரியாக ஓடுகிறது என்று தெரியும்வரை அழிக்க வேண்டாம்.

மின்னல்கொடி:
எனக்கு டெலிட் பண்ணியும் ஒண்ணும் ஆகல.

பழைய_சர்வர்:
டேபிள்கள் மைஐஸாம் வகையாக இருந்திருக்கும். அவை ஐபிடேட்டா1-ஐ நம்பியிருப்பதில்லை. இன்னோடிபிதான் இன்று டிஃபால்ட். அடுத்தவருக்குச் சொல்லுமுன் வகையைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

செம்மண்:
லோடட் கான்ஃபிகரேஷன் ஃபைல்: (நன்), அதாவது ஒண்ணுமே இல்லைன்னு காட்டுது

பனங்கிழங்கு:
அதேதான். பிஎச்பியை எங்க அவிழ்த்தனீங்கள்? வைகைக்கரை அண்ணை முதலிலயே கேட்டவர், நீங்கள் இன்னும் சொல்லேல்லை.

செம்மண்:
டி:/பிஎச்பி8

வைகைக்கரை:
நல்லது. அப்பாச்சியின் கான்ஃப் ஃபோல்டரில் ஹெச்டிடிபிடி.கான்ஃபைத் திறங்கள். பிஎச்பிக்காக நீங்கள் ஏற்கெனவே சேர்த்த லோட்மாட்யூல் வரி ஒன்று இருக்கும். பிஎச்பி 8-ல் மாட்யூல் பெயர் பிஎச்பி_மாட்யூல் என்று மட்டும்தான், 7-ல் இருந்த எண் இதில் கிடையாது. பக்கம் ஓடுவதால் அது சரியாகவே இருக்கும். அதற்குக் கீழே புது வரியாக:

பிஎச்பிஐஎன்ஐடிர் "டி:/பிஎச்பி8"

ஃபோல்டரை மட்டும் கொடுங்கள், கடைசியில் ஃபைல் பெயர் வேண்டாம். சாய்கோடு முன்பக்கம் சாய்ந்ததாக இருக்கட்டும், விண்டோஸின் பின்சாய்கோடு அப்பாச்சி கான்ஃபில் தொல்லை கொடுக்கும். சேவ் செய்துவிட்டு, அப்பாச்சியின் "பின்" (பி-ஐ-என்) என்ற ஃபோல்டரில் ஹெச்டிடிபிடி -டி அடியுங்கள். "சின்டாக்ஸ் ஓகே" வந்தபிறகு சர்வீசை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிரவுசரை ரிஃப்ரெஷ் செய்வதால் ஐஎன்ஐ மறுபடி வாசிக்கப்படாது. அப்பாச்சி எழும்போது ஒருமுறைதான் வாசிக்கும்.

செம்மண்:
இப்போ லோடட் ஃபைல்ல டி:\பிஎச்பி8\பிஎச்பி.ஐஎன்ஐ காட்டுது. ஆனா அதே எரர் வருது!!!

முருங்கைமரம்:
விஷுவல் சி++ போட்டுப் பாத்தீங்களா?

பனங்கிழங்கு:
அப்பாச்சியின்ர லாக்ஸ் ஃபோல்டரில எரர்.லாக் திறந்து கடைசி வரியளைப் பாருங்கோ. "அனேபிள் டு லோட் டைனமிக் லைப்ரரி" எண்டு இருந்தால், பக்கத்தில எந்தெந்த இடத்தில தேடினது எண்டும் எழுதியிருக்கும். அந்த வரிதான் வேணும்.

செம்மண்:
ஆமா இருக்கு. ட்ரைட்: இஎக்ஸ்டி\மைஎஸ்க்யூஎல்ஐ, அப்புறம் இஎக்ஸ்டி\பிஎச்பி_மைஎஸ்க்யூஎல்ஐ.டிஎல்எல். தி ஸ்பெசிஃபைட் மாட்யூல் குட் நாட் பி ஃபவுண்ட்.

பனங்கிழங்கு:
கிடைச்சுது. ஐஎன்ஐயில எக்ஸ்டென்ஷன்_டிர் = "இஎக்ஸ்டி" எண்டு விட்டிருக்கிறியள். அது பாதி பாதை. கமாண்ட் ப்ராம்ப்ட்டில பிஎச்பி.இஎக்ஸ்இ இருக்கிற ஃபோல்டரிலயிருந்து கணக்காகும், அங்க இஎக்ஸ்டி இருக்கு, ஏறிச்சு. பிரவுசர் பக்கம் ஓடுற புரோகிராம் ஹெச்டிடிபிடி.இஎக்ஸ்இ. அப்பாச்சியின்ர "பின்" ஃபோல்டரில இஎக்ஸ்டி எண்டு ஒண்டும் இல்லை. முழுப் பாதையைக் குடுங்கோ:

எக்ஸ்டென்ஷன்_டிர் = "டி:/பிஎச்பி8/இஎக்ஸ்டி"

முன்னால செமிகோலன் இல்லையெண்டும் பாருங்கோ. அதே ஃபைலில எக்ஸ்டென்ஷன்_டிர் ரெண்டு இடத்தில இருக்கும், ஒண்டு லினக்ஸுக்கு, மற்றது "ஆன் விண்டோஸ்" எண்ட வரிக்குக் கீழ. ரெண்டையும் திறந்து விட்டால் கீழ இருக்கிறதுதான் எடுபடும். பிறகு அப்பாச்சியை ரீஸ்டார்ட் செய்யுங்கோ.

பழைய_சர்வர்:
இந்த இடத்தில் ஒன்றைச் சேர்க்கிறேன். பிஎச்பியின் டிஃபால்ட் எக்ஸ்டென்ஷன் இடம் சி:\பிஎச்பி\இஎக்ஸ்டி. சி:\பிஎச்பி என்ற ஃபோல்டரிலேயே அவிழ்த்தவர்களுக்கு எக்ஸ்டென்ஷன்_டிர் எழுதாமலே எல்லாம் ஓடும். அவர்கள் எழுதும் குறிப்புகளில் இந்த வரியே இருக்காது. டி டிரைவில் வைப்பவர்கள் அந்தக் குறிப்புகளை அப்படியே பின்பற்றினால் இங்கேதான் மாட்டுவார்கள்.

செம்மண்:
வந்துருச்சு. முழுப் பாத் குடுத்ததும் கனெக்ட் ஆயிடுச்சு. எல்லாருக்கும் நன்றி.

வைகைக்கரை:
மகிழ்ச்சி. பிஎச்பிஇன்ஃபோ ஃபைலை அழித்துவிடுங்கள், கல்லூரி நெட்வொர்க்கில் லேப்டாப்பைச் சேர்த்தால் மற்றவர்கள் கண்ணிலும் படலாம். ப்ராஜெக்ட்டில் தமிழ்ப் பெயர்கள் உண்டென்றால் கனெக்ட் ஆன உடனே மைஎஸ்க்யூஎல்ஐ_செட்_கேர்செட்டில் யுடிஎஃப்8எம்பி4 என்ற எழுத்துக் குறியீட்டு முறையைக் கொடுங்கள், டேபிளும் அதே வகையில் இருக்கட்டும். பெயரின் நீளத்தைச் சரிபார்க்க எஸ்டிஆர்லென் வேண்டாம். அது பைட்டை எண்ணும், ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட். "தமிழ்" என்ற சொல்லுக்கு 15 என்று சொல்லும். எம்பி_எஸ்டிஆர்லென் 5 சொல்லும், நாம் எண்ணுகிற 3 எழுத்து வேண்டுமானால் இன்ட்ல் (இன்டர்நேஷனலைசேஷன்) எக்ஸ்டென்ஷனில் உள்ள கிராஃபீம்_எஸ்டிஆர்லென்தான்.

கொல்லிமலை:
நானும் இதே மாதிரி ரெண்டு வரியும் போட்டுட்டேன். மைஎஸ்க்யூஎல்ஐ வருது, கர்ல் (மத்த சைட்களோட பேசுற எக்ஸ்டென்ஷன்) மட்டும் வரல. எரர்.லாக்ல முழுப் பாதையும் சரியா காட்டிட்டு, ஃபவுண்ட் இல்லைன்னு சொல்லுது. ஃபைல் அங்கேயேதான் இருக்கு.

பனங்கிழங்கு:
எந்த பிஎச்பி, எந்த ஃபோல்டர்? அதைச் சொல்ல முதலே ஒண்டு செய்து பாருங்கோ. மைஎஸ்க்யூஎல்ஐக்கு வேற டிஎல்எல் தேவையில்லை, கர்லுக்குத் தேவை. கிடைக்கேல்லை எண்டு சொல்லுறது கர்லை இல்லை, அது நம்பியிருக்கிற லிப்எஸ்எஸ்ஹெச்2.டிஎல்எல்லை. அது பிஎச்பி ஃபோல்டரில கிடக்கும், அப்பாச்சி அங்க பாராது. ஹெச்டிடிபிடி.கான்ஃபில லோட்மாட்யூல் வரிக்கு மேல லோட்ஃபைல் எண்டு போட்டு அந்த டிஎல்எல்லின்ர முழுப் பாதையைக் குடுங்கோ. இல்லையெண்டால் சிஸ்டம் பாத்தில பிஎச்பி ஃபோல்டரைச் சேருங்கோ. பாத் மாத்தினால் அப்பாச்சி சர்வீசை மட்டும் ரீஸ்டார்ட் செய்து காணாது, விண்டோஸையே ஒருக்கா ரீஸ்டார்ட் செய்யவேணும்.