டிசம்பர் லீவுக்கு வில்பத்து பங்களா: 74 வயது அம்மாவுக்குச் சரிவருமா?

வெள்ளவத்தைக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். தம்பி குடும்பம் ஏழு வருடத்துக்குப் பிறகு டொரொன்டோவிலிருந்து வருகிறது. அவன், மனைவி, 11 வயதிலும் 8 வயதிலும் இரண்டு பிள்ளைகள். இங்கே நான், இவர், எங்கள் பிள்ளைகள் இருவர், அம்மா. மொத்தம் ஒன்பது பேர்.

போன தடவை நடந்தது இன்னும் மனதில் உறுத்துகிறது. மூன்று கிழமை நின்றார்கள். நுவரெலியாவில் ஒரு ஹோட்டல், பாசிக்குடாவில் ஒரு ஹோட்டல், ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு நேரத்தில் சாப்பாடு. மிச்ச நாளெல்லாம் சொந்தக்காரர் வீடும் பம்பலப்பிட்டிக் கடைகளும்தான். அவர்களைக் கட்டுநாயக்காவில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது அம்மா வானுக்குள் சொன்னார்: "பிள்ளையோட ஆறுதலா இருந்து ஒரு தேத்தண்ணி குடிக்கேல்லை."

அதனால் இந்த முறை ஒரே கூரைக்குக் கீழே இரண்டு இரவு என்று முடிவு செய்திருக்கிறேன். வனஜீவராசிகள் திணைக்களம் காட்டுக்குள் வாடகைக்கு விடும் பங்களாக்களில் ஒன்று, வில்பத்து தேசியப் பூங்காவில். இவருக்குச் சம்மதம். என் பயமெல்லாம் அம்மாவைப் பற்றியது. இரண்டு முழங்காலும் வருத்தம், குந்தி இருக்க முடியாது. திருவெம்பாவைக் காலம் தொடங்கிவிட்டால் மச்சம் சமைத்த சட்டியில் சமைத்ததைத் தொடவும் மாட்டார். "வில்பத்து எண்டால் மலேரியா" என்று வேறு சொல்லிக்கொண்டிருக்கிறார். டிசம்பர் மழையும் இருக்கிறது. வயதானவர்களோடு போய் வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

கொட்டாஞ்சேனை மகள்:

அக்கா, தாராளமாகக் கூட்டிக்கொண்டு போங்கள். இரண்டு வருடத்துக்கு முன் ஆகஸ்ட் லீவில் நாங்கள் பத்துப் பேர் போனோம். என் அம்மாவுக்கு அப்போது 71, அவருக்கும் முழங்கால்தான்.

பங்களாவுக்குள் பெரிய கஷ்டம் இருக்கவில்லை. கஷ்டமெல்லாம் ஜீப்பில். உங்கள் வான் பூங்காவின் ஹுனுவிலகம வாசலோடு நின்றுவிடும். உள்ளே மணல் பாதை, நாலு சில்லும் இழுக்கிற வாகனம் வேண்டும். சஃபாரி ஜீப்பின் பின்படி கிட்டத்தட்ட என் இடுப்பு உயரம். அம்மா கம்பியைப் பிடித்துப் பார்த்தார், ஒரு காலைத் தூக்கிப் பார்த்தார், பிறகு கையை எடுத்துவிட்டு, "நீங்கள் போயிட்டு வாங்கோ, நான் வானிலேயே இருக்கிறன்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணா பக்கத்துப் பெட்டிக்கடையில் வெற்று சோடாப் பெட்டி ஒன்றை இரவல் வாங்கி வந்து, சாரதிக்குப் பக்கத்துச் சீட்டின் கீழே கவிழ்த்து வைத்தார். அம்மா பெட்டியில் ஏறி, முதுகைத் திருப்பி, சீட்டின் ஓரத்தில் இருந்துகொண்டு, அப்புறம் ஒவ்வொரு காலாக உள்ளே எடுத்தார். அந்தப் பெட்டி மூன்று நாளும் எங்களோடேயே சுற்றியது. நீங்கள் வீட்டிலிருந்தே உறுதியான முக்காலி கொண்டு போங்கள், அம்மாவை முன் சீட்டிலேயே இருத்துங்கள். பின்னால் குலுக்கல் தாங்காது.

நாங்கள் தங்கிய இடத்தில் கொமட் இருந்தது. எல்லாப் பங்களாவும் ஒரே மாதிரி இல்லை என்பதால் பதியும்போதே கேளுங்கள், எத்தனை படி என்றும் கேளுங்கள். பத்தரமுல்லைத் தலைமையகத்தில் நேரில் விசாரிப்பது நல்லது.

சமைக்கப் பங்களா ஆட்கள் இருக்கிறார்கள். சாமான் முழுக்க நாங்கள்தான் கொண்டு போக வேண்டும்: அரிசி, பருப்பு, தேங்காய், தூள், குடிதண்ணீர், பெட்ஷீட், தலையணை உறை, டோர்ச். நாங்கள் உப்பை மறந்துவிட்டோம். காட்டுக்குள் கடை ஏது? பங்களாப் பொறுப்பாளர் தன்னுடைய போத்தலிலிருந்து அள்ளித் தந்தார், அந்த மனிதர் நன்றாக இருக்க வேண்டும். அம்மாவுக்கென்று தனியாக ஒரு சட்டி, ஒரு அகப்பை எடுத்துப் போய் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பழங்களை வெளியில் வைக்காதீர்கள். பகலில் குரங்கு வரும், இரவில் வாசனைக்கு யானையும் வரும்.

மாலை ஆறு மணிக்குப் பிறகு பாதையில் வாகனம் ஓடக்கூடாது, முற்றத்தைத் தாண்டி நடக்கவும் கூடாது. ஆறிலிருந்து ஒன்பது வரை வேறு வேலையே இல்லை, போனிலும் சிக்னல் இல்லை. முதல் நாள் பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் நாள் அம்மா விறாந்தையில் விளக்குக்குப் பக்கத்தில் ஒரு சுளகில் உள்ளி உரித்துக்கொண்டு, முதன்முதலாக யாழ்தேவியில் கொழும்புக்கு வந்த கதையைச் சொல்லத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் நாலு பிள்ளைகளும் சுளகைச் சுற்றி இருந்து உரித்தார்கள். அடுத்த நாளுக்குத் தேவையானதைவிட மூன்று மடங்கு உள்ளி. அவ்வளவையும் அம்மா பொலித்தீனில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

மட்டக்குளி அண்ணா:

தங்கச்சி, மலேரியாவைப் பற்றி அம்மா பயப்பட வேண்டாம். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று உறுதிப்படுத்திவிட்டது. ஆனால் நுளம்பு நுளம்புதான். பின்னேரம் நீளக்கைச் சட்டை போடுங்கள், தோலில் பூசும் மருந்து கொண்டு போங்கள்.

மழையைப் பற்றி உள்ளதைச் சொல்கிறேன். டிசம்பர் வடகீழ்ப் பருவமழைக் காலம். வில்பத்து முழுக்க வில்லுகள்தான். வில்லு என்பது மணல் வரம்புக்குள் மழைத்தண்ணீர் தேங்கும் ஆழமில்லாத இயற்கைக் குளம். ஆடி ஆவணியில் அவை வற்றும்போது மிருகங்கள் மிச்சத் தண்ணீரைத் தேடி வந்து கண்ணில் படும். டிசம்பரில் எங்கும் தண்ணீர், அதனால் அவை ஒரு இடத்துக்கு வர வேண்டிய தேவையே இல்லை. கரடி பார்க்க வேண்டுமென்றால் பாலைப்பழக் காலத்தில், வைகாசி ஆனியில் போக வேண்டும். ஆகவே டொரொன்டோப் பிள்ளைகளுக்குச் சிறுத்தை காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். மான் பார்க்கலாம், நிறையப் பறவை பார்க்கலாம், காடு பச்சைப் பசேலென்று இருக்கும். மழை கொட்டினால் உள்பாதைகளை மூடிவிடுவார்கள், புறப்படும் அன்று காலையில் ஒரு தடவை கேட்டுவிட்டுப் போங்கள்.

வழி சுலபம். சிலாபம் ஊடாகப் புத்தளம், அங்கிருந்து அநுராதபுரம் வீதியில் போய் இடப்பக்கம் ஹுனுவிலகமவுக்குத் திரும்ப வேண்டும். வெள்ளவத்தையிலிருந்து விடிய ஐந்து மணிக்குப் புறப்படுங்கள். அம்மாவுக்காக இரண்டு மூன்று இடத்தில் நிறுத்தினாலும் மத்தியானத்துக்குள் வாசலடிக்குப் போய்விடலாம்.

நான் 1981இல் ஒன்பது வயதில் அப்பாவோடு போனேன். விடியற்புறம் அப்பா என்னை எழுப்பி, வாயில் விரலை வைத்துக்காட்டி, ஜன்னலருகே தூக்கிப் பிடித்தார். முற்றத்தில் புள்ளிமான்கள், பத்து இருபது இருக்கும், புல் கடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. 1988இல் பூங்காவை மூடினார்கள். 2003இல் திறந்தபோது அப்பா இல்லை. என் மகளுக்கு அதே வயதானபோது அவளைக் கூட்டிப் போய் அதேபோல விடியற்புறம் எழுப்பினேன்.

குதிரைமலைக்குப் போகச் சொல்வார்கள். செம்மண் மேட்டிலிருந்து கடலைப் பார்ப்பது அழகுதான், அல்லியரசாணியின் இடம் என்று கதையும் உண்டு. ஆனால் உள்ளுக்குள் முழு நாள் ஓட்டம். அம்மாவோடு வேண்டாம்.

தெஹிவளை தம்பி:

அக்கா, ஹோட்டன் சமவெளியில் மகாஎலிய பங்களாவையும் யோசிக்கலாம். ஆனால் அங்கே 2,000 மீற்றருக்கு மேல், டிசம்பர் இரவில் முழங்கால் வருத்தக்காரருக்குக் குளிர் ஆகாது. கனடாப் பிள்ளைகளுக்கு அது புதிதும் இல்லை. வில்பத்துதான் சரி.

இன்னொன்று. தம்பி குடும்பத்தில் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு எத்தனை பேருக்கு என்று பதியும்போதே சொல்லிவிடுங்கள். அவர்களுக்குக் கட்டணம் வேறு, அது டொலர் கணக்கு. வாசலில் நின்று கணக்குப் பார்த்தால் நேரம் போய்விடும்.

வெள்ளவத்தைக்காரி:

எல்லோருக்கும் நன்றி. அண்ணா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மலேரியாக் கதையைப் பேசாமல் கேட்டார், மான் கதையில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தம்பியோடும் பேசியாயிற்று. திருவெம்பாவைக்கு முன் வரும் செவ்வாய், புதன் இரவுகளைப் பதியப் போகிறோம். இன்று காலை பார்க்கிறேன், மேல்தட்டிலிருந்த சின்னச் சட்டியை அம்மா இறக்கி, கழுவி, கவிழ்த்து வைத்திருக்கிறார்.

கொட்டாஞ்சேனைத் தங்கச்சி, பாமன்கடையில் ஒரு தச்சரிடம் முக்காலி சொல்லப் போகிறேன். எட்டு அங்குலம் போதுமா?

கொட்டாஞ்சேனை மகள்:

பத்து அங்குலம் வையுங்கள் அக்கா. கால்களுக்குக் கீழே குறுக்காக ஒரு பலகையும் அடிக்கச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் முக்காலி மணலில் புதையும்.