மறு: ‘பிளோஅவுட்’ — தமிழில் என்ன சொல்வது? (வெள்ளிக்குள் வேண்டும்)

அனுப்புநர்: தேன்மொழி

அன்புள்ள குழுவினருக்கு,

பச்சை குத்தும் தொழிலைப் புதிதாகக் கற்பவர்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். சுகாதாரம், கருவிகள் எல்லாம் முடிந்துவிட்டன. ‘வேலையின் தரத்தை உயர்த்துவது எப்படி’ என்ற அத்தியாயத்தில் வந்து மாட்டிக்கொண்டு நிற்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும்.

அவசரமாக வேண்டியது ‘பிளோஅவுட்’. ஊசி தேவைக்கு மேல் ஆழமாக இறங்கினால் மை தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு அடுக்குக்குள் போய்விடுகிறது. அங்கே அது நின்ற இடத்தில் நிற்பதில்லை. கோட்டை ஒட்டி நீலமாக, மங்கலாக ஒரு நிழல் விழுகிறது. இப்போதைக்கு ‘மைக்கசிவு’ என்று போட்டு வைத்திருக்கிறேன்.

அடுத்தது ‘ஹாலிடே’. நிறம் நிரப்பிய பரப்பில் மை ஏறாமல் விட்டுப்போன திட்டு. முதல் வரைவு செய்தவர் இதை ‘விடுமுறை’ என்றே மொழிபெயர்த்திருக்கிறார். “கருப்பு நிரப்பும்போது விடுமுறை வராமல் பார்த்துக்கொள்ளவும்” என்று ஒரு வாக்கியம் என் முன்னால் இருக்கிறது. சிரித்து முடித்துவிட்டு உதவவும்.

அனுப்புநர்: சிவா

பிளோஅவுட்டைப் பிளோஅவுட் என்றே விட்டுவிடுங்கள். படிக்கப்போகிறவர் நாளைக்குக் காணொளி பார்ப்பார், மை வாங்குவார், வேறு ஊர்க்காரரோடு பேசுவார். எல்லா இடத்திலும் அந்தச் சொல்தான். தமிழில் ஒன்று, தொழிலில் ஒன்று என்று இரண்டு சொல்லை ஏன் சுமக்க வேண்டும்?

அனுப்புநர்: அரங்கநாதன்

சிவா தம்பி, ‘ஊசி’யையும் ‘நீடில்’ என்றே விட்டிருக்கலாமே?

தேன்மொழி அம்மாவுக்கு: முதலில் தலைப்பையே பார்ப்போம். ‘பச்சை குத்துதல்’ என்பது நிறத்தையும் செயலையும் ஒட்டவைத்த வழக்கு. நமக்குத் ‘தொய்யில்’ என்றொரு அருமையான சொல் இருக்கிறது. கலித்தொகையில் தலைவியின் மேனியில் தொய்யில் எழுதுகிறார்கள். அதை மீட்டெடுத்தால் தொய்யிலர், தொய்யிற்கலை, தொய்யிலூசி என்று ஒரு குடும்பமே கிடைக்கும்.

இனி உங்கள் சொல். கோட்டுக்குள் அடங்க வேண்டியது வெளியே தெரிந்துவிட்டது. அதற்கு அகத்திணையில் பெயர் உண்டு: அலர். களவு, அதாவது மறைவான காதல், ஊருக்குத் தெரிவது அலர், மை தோலுக்குத் தெரிவதும் அலர். திருக்குறளில் 115-ஆம் அதிகாரமே அலரறிவுறுத்தல்தானே! மேலும், சிலருக்கு மட்டும் அரைகுறையாகத் தெரிவது அம்பல், பலருக்கும் தெரிவது அலர். அம்பல் அரும்பு, அலர் மலர். குத்தியவர் கண்ணுக்கு மட்டும் படும் இலேசான நிழலை ‘மையம்பல்’ என்றும், எல்லோரும் கேட்கும் அளவுக்குப் பரவியதை ‘மையலர்’ என்றும் வைத்தால் பிழையின் அளவும் சொல்லிலேயே வந்துவிடும்.

அனுப்புநர்: நிலா

ஐயா, அம்பல்–அலர் படித்துவிட்டு எழுந்து நின்று கைதட்டினேன். ஆனால் ‘மையலர்’ என்பதை என் கண் ‘மையல் + அர்’ என்றுதான் பிரிக்கிறது. மையல் கொண்டவர்கள். “மணிக்கட்டில் மையலர் தோன்றினால்” என்று எழுதினால் வேறு புத்தகம் ஆகிவிடும்.

தொய்யில் குழம்பு கொண்டு மேலே எழுதுவது, அழிந்து போவது. தோலுக்குள் குத்தி நிரந்தரமாக்குவதற்கு அதை வைப்பது எனக்கு ஒப்பவில்லை. ‘பச்சை’ என்ற ஒரு சொல்லிலேயே யாருக்கும் விளங்குகிறதே.

‘ஹாலிடே’ பற்றி: சுவருக்கும் கப்பலுக்கும் சாயம் பூசுகிறவர்களும் பூச்சு விட்டுப்போன இடத்துக்கு இதையேதான் சொல்கிறார்கள். ‘விடுபாடு’?

அனுப்புநர்: தேன்மொழி

பச்சை குத்தும் தொழிலில் பல ஆண்டுகளாக இருக்கும் செல்வின் தம்பியைக் குழுவில் சேர்த்திருக்கிறேன். புத்தகத்தைச் சரிபார்த்துத் தருபவரும் அவரே.

அனுப்புநர்: செல்வின்

எல்லோருக்கும் வணக்கம். அக்கா இழுத்துவந்துவிட்டார். இலக்கணத்தில் தலையிட மாட்டேன்.

மைக்கசிவு மட்டும் வேண்டவே வேண்டாம். குத்தி முடித்த முதல் ஓரிரு நாள், புண்ணிலிருந்து ஊனீரும் மிச்ச மையும் கலந்து வெளியே வரும். கசிவு என்று நாங்கள் சொல்வது அதை. அது இயல்பு. “கசியும், பயப்படாதீங்க” என்று சொல்லித்தான் ஆளை அனுப்புகிறோம். அதே சொல்லைப் பிழைக்கும் வைத்தால், போர்வையில் மைக்கறை பார்த்தவர் எல்லாம் எங்கள் மேல் சண்டைக்கு வருவார்.

வெறும் ‘பரவல்’ என்றாலும் சிக்கல். எல்லாக் கோடும் வருடங்கள் போகப் போகக் கொஞ்சம் தடிக்கும். பொடி எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது அதனால்தான். அதில் குத்தியவர் கையில் பிழை கிடையாது. அவ்வளவு பொடியாகப் போட ஒத்துக்கொண்டது வேண்டுமானால் பிழை. பிளோ அப்படி இல்லை. அன்றைக்கே, மிஞ்சினால் சில நாளில் தெரிந்துவிடும். இன்னொன்று, கன்றிப்போவது. அதுவும் நீலமாகத்தான் இருக்கும். ஆனால் மஞ்சளாகி ஓரிரு வாரத்தில் போய்விடும். பிளோ போகாது. புதுப் பையன்கள் கன்றலைப் பார்த்துப் பிளோ என்று பதறுவார்கள், பிளோவைப் பார்த்துக் கன்றல் என்று சமாதானம் சொல்வார்கள். சொல் எதுவானாலும் இந்த நான்கையும் பிரித்துக் காட்ட வேண்டும்.

கையேட்டில் ‘ஆழம் கூடினால்’ என்று மட்டும் இருக்கிறது, அது போதாது. தோலைச் சரியாக இழுத்துப் பிடிக்காததுதான் நான் அதிகம் பார்க்கும் காரணம். தளர்ந்த தோல் ஊசியோடு சேர்ந்து உள்ளே போய்வரும். எவ்வளவு இறங்குகிறது என்று கைக்குத் தெரியாது. கோடு ஏறவில்லையே என்று இன்னும் அழுத்துவோம். அங்கேதான் போகிறது. இடது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஆளுக்கொரு பக்கம் இழுக்க வேண்டும், மெஷின் பிடித்த கையின் விளிம்பு மூன்றாவது பக்கம். மூன்று பக்கமும் இழுபட்டால் தோல் மேளத்தோல் மாதிரி நிற்கும். அப்போது அழுத்தாமலே கோடு ஏறும்.

அப்புறம் சாய்வு. ஊசியைப் படுக்கவைத்து இழுத்தால் மை ஒரு பக்கமாக உள்ளே நுழையும். நிழல் கோட்டின் ஒரு பக்கத்தில் மட்டும் விழுந்திருந்தால் பெரும்பாலும் சாய்வுதான், இரண்டு பக்கமும் என்றால் ஆழம். மணிக்கட்டின் உட்புறம், கணுக்கால், முழங்கை மடிப்பு, மேற்கையின் உட்பக்கம் ஆகிய இடங்களில் தோல் மெலிது. தொடையில் போகிற அழுத்தத்தோடு அங்கே போகக் கூடாது. கை வேகமும் மெஷின் வேகமும் பொருந்த வேண்டும். கை மெதுவாகவும் மெஷின் வேகமாகவும் இருந்தால் ஒரே இடத்தில் பல குத்து விழுந்து தோல் கிழிபடும். கை வேகமாகிவிட்டால் கோடு புள்ளி புள்ளியாக விட்டுப்போகும்.

ஒரு முறை பிளோ ஆனதைப் பார்த்த பிறகு அதே கோட்டின் மேல் திரும்பப் போகக் கூடாது. ஆறவிட்டு, பிறகு கோட்டைத் தடிமனாக்கியோ பக்கத்தில் நிழல் கொடுத்தோ மறைக்கலாம்.

ஹாலிடேக்கு நாங்கள் சொல்வது ‘சொட்டை’. “தோள்ல ரெண்டு இடம் சொட்டை இருக்கு, ஆறினதும் வா” என்போம்.

அனுப்புநர்: நிலா

சொட்டை! விடுபாட்டை வாபஸ் வாங்குகிறேன்.

அனுப்புநர்: அரங்கநாதன்

சொட்டை நல்ல தமிழ். மறுப்பதற்கு ஒன்றும் இல்லை. (தலையில் சொட்டை உள்ளவன் என்ற முறையில் சொல்கிறேன்.)

செல்வின் தம்பி, உங்கள் மடல் இந்தக் குழுவில் நான் படித்த நல்ல மடல்களில் ஒன்று. ஆனால் நீங்கள் கேட்ட நான்கு வேறுபாட்டையும் அலர் தாங்கும். கசிவு வெளியே வருவது, தடிப்பு காலத்தால் வருவது, கன்றல் மறைவது, அலர் மறையாதது. ஊரில் எழுந்த அலர் என்றைக்கு மறைந்தது?

அனுப்புநர்: சிவா

பயிலுநர் பதினெட்டு வயதுப் பையன். அவன் கையில் ஊசி இருக்கிறது, எதிரே ஒருவர் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அந்த நேரத்தில் அவன் நற்றிணையை நினைக்க வேண்டுமா?

அனுப்புநர்: அரங்கநாதன்

நினைத்தால் ஊசி கொஞ்சம் மெதுவாக இறங்கும்.

அனுப்புநர்: கவிதா

தோல் மருத்துவர் என்ற முறையில் இரண்டு குறிப்பு.

மை நிற்க வேண்டிய இடம் நடு அடுக்கு. மேல்தோல் தொடர்ந்து உதிர்ந்து புதிதாகும், அங்கே மட்டும் போன மை சில வாரங்களில் உதிர்ந்துவிடும். பொதுவாகச் சொல்லும் 1 முதல் 2 மில்லிமீட்டர் ஆழத்தில் நடு அடுக்கு வந்துவிடுகிறது. ஆனால் தோலின் தடிமன் இடத்துக்கு இடம் மாறுவதால் அந்த எண்ணை மட்டும் நம்பக் கூடாது. நடு அடுக்கில் மைத்துகளைப் பெருவிழுங்கி அணுக்கள் விழுங்கி வைத்துக்கொள்கின்றன. அவை இறந்தாலும் கொட்டிய மையைப் புதிதாக வரும் அணுக்கள் மறுபடி விழுங்கிக்கொள்வதை 2018-இல் எலிகளில் செய்த ஓர் ஆய்வு காட்டியது. அதனால்தான் பச்சை இருந்த இடத்திலேயே இருக்கிறது.

நிழல் ஏன் நீலம் என்று கேட்டால்: கருப்பு மை ஆழத்தில் இருந்தால், ஒளி தோலுக்குள் சிதறித் திரும்பும் விதத்தில் அது நீலமாகத் தெரியும். மேலே இருக்கும் கோடு கருப்பு, கீழே போன அதே மை நீலம். கரி குத்தியதற்கு நம்மவர்கள் ‘பச்சை’ என்று பேர் வைத்ததற்கும் இந்த ஒளிச்சிதறல் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். அரங்கநாதன் ஐயா பொறுத்தருள்க.

அனுப்புநர்: நிலா

அப்படியென்றால் ‘மைப்படர்வு’? கொடி படர்வது மாதிரி.

அனுப்புநர்: கவிதா

தோலையும் ‘படர்’ என்பதையும் சேர்த்துச் சொன்னால் நோயாளிக்குப் படர்தாமரைதான் ஞாபகம் வரும். களிம்பு கேட்டு வந்து நிற்பார்கள்.

அனுப்புநர்: நிலா

சரி. செல்வினும் கவிதா அக்காவும் சொன்னதை வைத்துப் பார்த்தால் இதன் தனி அடையாளம் இடம்தான்: அடியில் நடக்கிறது. ‘அடிப்பரவல்’. காலத்தால் வருவதற்குத் ‘தடிப்பு’, வெளியே வருவதற்குக் ‘கசிவு’, மறைவதற்குக் ‘கன்றல்’. நான்கும் நான்கு சொல்.

அனுப்புநர்: அரங்கநாதன்

அடி என்றால் உதை என்றும் பொருள். அடிப்பரவல் என்றால் ஊர்க்கலவரம் போல ஒலிக்கிறது.

அனுப்புநர்: சிவா

‘பிளோ’ என்றாலும் அடிதானே ஐயா. மொழிபெயர்ப்பு தற்செயலாகச் சரியாகிவிட்டது.

அனுப்புநர்: கவிதா

அடிப்பரவலை ஏற்கிறேன், ஒரு நிபந்தனையோடு. கையேட்டில் நடு அடுக்கை ‘அடித்தோல்’ என்று எழுதியிருந்தால் மாற்றிவிடுங்கள். மை இருக்க வேண்டிய இடமும் அடி, இருக்கக் கூடாத இடமும் அடி என்றால் பயிலுநர் எங்கே நிறுத்துவார்? ‘உள்தோல்’ என்று வையுங்கள்.

அனுப்புநர்: தேன்மொழி

ஐந்தாம் அத்தியாயம் முழுக்க அடித்தோல்தான். இன்று இரவு மாற்றுகிறேன்.

செல்வின், இழுத்துப் பிடிப்பதற்குத் ‘தோல் விறைப்பு’ என்று இருக்கிறது. சரியா?

அனுப்புநர்: செல்வின்

விறைப்பு என்றால் குளிரில் விறைத்த மாதிரி இருக்கிறது. ‘இழுப்பு’ போதும். “மூன்று பக்க இழுப்பு”. யாருக்கும் விளக்க வேண்டாம்.

அப்படியே அச்சுத்தாள் பகுதியில் ஒன்று சேர்த்துவிடுங்கள். ஸ்டென்சில் ஒட்டியதும் பத்துப் பதினைந்து நிமிடமாவது காயவிட வேண்டும். வலதுகைக்காரர் கீழே வலது மூலையிலிருந்து மேலே போக வேண்டும். இல்லையென்றால் மையைத் துடைக்கும்போது, இன்னும் குத்தாத கோட்டையும் சேர்த்துத் துடைத்துவிடுவார். துடைப்பதும் தேய்ப்பது அல்ல, ஒற்றி எடுப்பது. மூலத்தில் ‘வைப்’ என்று ஒரே சொல்தான். தமிழில் ‘ஒற்றுதல்’ என்று போட்டால் வேலையே சுத்தமாகும்.

அடிப்பரவல் எனக்குச் சரி. கடையில் பிளோ என்றுதான் சொல்லுவேன், அதை மாற்ற முடியாது.

அனுப்புநர்: நிலா

‘ஒற்று’ என்றதும் அரங்கநாதன் ஐயா வருவார் பாருங்கள்.

அனுப்புநர்: அரங்கநாதன்

வந்துவிட்டேன். ஒற்றுக்கும் ஒற்றருக்கும் ஒற்றெழுத்துக்கும் வேர் ஒன்றுதானா என்று நீண்ட நாளாக எனக்கு ஓர் ஐயம் உண்டு. இருக்கட்டும், தனி மடல் எழுதுகிறேன். ‘மைக்கசிவு’ என்று தேன்மொழி அம்மா ஒற்று மிகுத்து எழுதியதைப் பாராட்டாமல் விட்டதும் நினைவுக்கு வருகிறது. ‘கைபேசி’ என்று எழுதுவோர் கவனிக்க.

அனுப்புநர்: சிவா

கைபேசியைத் தொடங்கினால் அடுத்த வெள்ளியும் போய்விடும்.

அனுப்புநர்: தேன்மொழி

எல்லோருக்கும் நன்றி. போகிற வடிவம் இது: அடிப்பரவல், முதல் முறை வரும் இடத்தில் மட்டும் “தொழிலில் பிளோஅவுட் எனப்படுவது” என்ற விளக்கத்தோடு. சொட்டை, இழுப்பு, கசிவு, தடிப்பு, கன்றல், ஒற்றுதல் அப்படியே. காரணங்களுக்குச் செல்வின் எழுதியதைச் சுருக்கித் தனிப் பத்தியாகச் சேர்க்கிறேன்.

தோலைத் திரும்பத் திரும்பக் குத்திப் புண்ணாக்கித் தழும்பில் கொண்டுபோய் விடுவதற்கு ‘ஓவர்வொர்க்’ என்று ஏழாம் அத்தியாயத்தில் வருகிறது. அதற்குத் தனி இழை திறக்கிறேன். தயவுசெய்து சங்க இலக்கியம் வேண்டாம்.

அனுப்புநர்: அரங்கநாதன்

அடிப்பரவலுக்கு என் மாற்றுக் கருத்து பதிவாகட்டும். இரண்டாம் பதிப்பு வரும்போது அலரை மறுபடி முன்வைப்பேன்.

ஓவர்வொர்க்குக்கு ‘நைதல்’. நைந்த தோல், நைந்த நெஞ்சம், இரண்டும் அகத்திணைதான்.