கலைச்சொல் வேண்டும்: பைபேசிக் அனாபிலாக்சிஸ்

அன்பர்களே,
உணவு ஒவ்வாமைக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்புவோருக்கான அறிவுரைத் தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கடும் ஒவ்வாமை அடங்கியபின், அந்த உணவை மறுபடி தொடாமலே, 1 முதல் 72 மணி நேரத்துக்குள் திரும்பக் கிளம்புவதை வரைவில் 'தாமத ஒவ்வாமை' என்று எழுதியிருக்கிறோம். சரியா?

*

சரியில்லை. தாமதம் என்றால் முதல் அறிகுறியே பிந்தி வருவது. ஆல்பா-கால் ஒவ்வாமையில் இறைச்சி தின்று 2 முதல் 6 மணி நேரம் கழித்துத்தான் தடிப்பே தோன்றும். இது வேறு. இரண்டு அலையாக வருவதால் 'ஈரலை ஒவ்வாமை' எனலாம். உயிர் வந்தால் 'இரு' 'ஈர்' ஆகும்: ஈருயிர், ஈராண்டு, ஈரலை.

*

புணர்ச்சி சரி ஐயா. ஆனால் மருத்துவத் தாளில் 'ஈரலை' என்று கண்டால் ஈரல் + ஐ என்றுதான் எவரும் படிப்பார்கள். 'மீள் ஒவ்வாமை' போதுமே?

*

அது இன்னும் ஆபத்து. நோயிலிருந்து மீண்டார் என்கிறோம் அல்லவா? குணமாகிவிட்டது என்று எண்ணிப் படுத்துவிடுவார்கள். 'மறு ஒவ்வாமை'? மறுநாள், மறுவீடு, மறுமை...

*

மறு என்றால் தோலில் உள்ள மச்சமும்தான். நிலவின் களங்கமும்தான். தடிப்பைப் பற்றிய தாளில் அது வேண்டாம். வேரிலிருந்தே தொடங்குவோம். 1902இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் ரிஷேயும் போர்ட்டியேயும் கிரேக்கத்தில் 'காப்பு' எனப் பொருள்படும் சொல்லிலிருந்து, காப்புக்கு எதிரானது என்ற பொருளில், அனாபிலாக்சிஸைப் படைத்தார்கள். ஆகவே 'எதிர்காப்பு', இதற்கு 'இரட்டை எதிர்காப்பு'.

*

எதிர்காப்பு என்றால் தடுப்பூசி என்று நினைப்பார்கள், ஐயா. மூச்சு இளைக்கிறவர் அந்தச் சொல்லைப் பார்த்து என்ன செய்வார்? தாளில் இருக்க வேண்டியவை: அட்ரினலின் ஊசி தொடையின் வெளிப்புற நடுவில், எடையில் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், பெரியவருக்கு உச்சம் 0.5, தணியாவிட்டால் 5 முதல் 15 நிமிடத்தில் இன்னொன்று. முதல் ஊசி தாமதமானாலோ, ஒன்றுக்கு மேல் தேவைப்பட்டாலோ திரும்ப வரும் வாய்ப்பு கூடும்; அவர்களைக் குறைந்தது 6 மணி நேரம் கண்காணிக்க வேண்டும். அரிப்பு மாத்திரை அரிப்பைத்தான் அடக்கும். இரண்டாம் தாக்குதலைத் தடுக்காது. வீட்டுக்குப் போகும்போது கையில் இரண்டு ஊசி இருக்கட்டும். 'திரும்பத் தாக்கும் கடும் ஒவ்வாமை' என்றே எழுதுங்கள்.

*

அது சொற்றொடர், கலைச்சொல் அன்று. சாப்பிடும்போதெல்லாம் வரும் என்றும் பொருள் தருகிறது.

*

நேரமில்லை. தலைப்பில் 'இருகட்டக் கடும் ஒவ்வாமை', கீழே ஒரு வரி விளக்கம். ஐவர் இசைந்துவிட்டார்கள், அச்சுக்கு அனுப்புகிறேன்.

*

என் மறுப்பைப் பதிவு செய்க. கட்டம் என்றால் ஒன்று முடிந்தால் அடுத்தது வந்தே தீரும். பெரும்பாலோருக்கு இரண்டாவது வருவதே இல்லை. அந்த விளக்க வரியில் 'வரக்கூடும்' என்ற சொல்லையாவது விட்டுவிடாதீர்கள்.