மார்க்கெட்டிங் க்ளவுட்ல டிஈ காப்பி பண்ற ஸ்க்ரிப்ட்: உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

சேல்ஸ்ஃபோர்ஸ் மார்க்கெட்டிங் க்ளவுட்ல (கம்பெனிங்க கஸ்டமருக்கு மெயில் அனுப்புற ப்ளாட்ஃபார்ம்) இருக்குறவங்களுக்கு டேட்டா எக்ஸ்டென்ஷன் (டிஈ, அதுல தகவல் வைக்கிற டேபிள்) காப்பி எவ்வளவு அடிக்கடி வர்ற வேலைன்னு தெரியும். ப்ரைமரி கீ (ஒவ்வொரு ரோவையும் தனியா அடையாளம் காட்டுற ஃபீல்டு) ஒரு தடவை வச்சிட்டா பின்னாடி மாத்த முடியாது, டெக்ஸ்ட்டுன்னு போட்ட ஃபீல்டை டேட் ஃபீல்டு ஆக்க முடியாது, அப்போ புதுசா ஒரு டேபிள் போட்டு பழசுல இருக்குறதை எல்லாம் அதுக்குள்ள கொண்டு வரணும். பெரிய கேம்பெய்னுக்கு முன்னாடி பேக்கப் வேற. ஸ்க்ரீன்ல ‘க்ரியேட் ஃப்ரம் எக்ஸிஸ்டிங்’னு ஒண்ணு இருக்கு, ஆனா அது ஃபீல்டுகளை மட்டும்தான் எடுத்துட்டு வரும், உள்ள இருக்குற ரோ ஒண்ணும் வராது. அதனாலதான் எல்லாரும் ஸ்க்ரிப்ட் பக்கம் போறோம்.

ஒரு ரீடெய்ல் க்ளையன்ட்டோட அக்கவுன்ட் எங்க டீமுக்கு கைமாறி வந்துச்சு. அதுல லாயல்டி டேபிளை தினமும் ராத்திரி பேக்கப் எடுக்குற ஒரு ஸ்க்ரிப்ட் ஆக்டிவிட்டி (ஆட்டோமேஷன்ல ஸ்க்ரிப்டை ஓட்டுற ஸ்டெப்) ஏற்கனவே ஓடிட்டு இருந்துது, ஆட்டோமேஷன் ஹிஸ்டரில பாத்தா தினமும் பச்சை. டேக்ஓவர் செக்லிஸ்ட்ல ரோ கவுன்ட் ஒப்பிடுறதும் ஒரு ஐட்டம், பாத்தா சோர்ஸ்ல லட்சக்கணக்குல இருக்கு, பேக்கப்ல சரியா 2,500. இந்த ப்ளாட்ஃபார்ம்ல கொஞ்ச நாள் இருந்தவங்களுக்கு அந்த நம்பரே போதும். டபிள்யூஎஸ்ப்ராக்ஸில (ஸ்க்ரிப்ட்ல இருந்து ப்ளாட்ஃபார்மோட பேசுற வழி) ஒரு தடவை ரிட்ரீவ் பண்ணா அதிகபட்சம் 2,500 ரோதான் வரும், மிச்சம் இருந்தா ‘ஹேஸ்மோர்ரோஸ்’ ட்ரூன்னு வரும், ரெக்வெஸ்ட் ஐடியை வச்சு ‘கெட்நெக்ஸ்ட்பேட்ச்’ கூப்பிட்டு லூப்ல சுத்தணும். அந்த ஸ்க்ரிப்ட்ல லூப்பே இல்ல. அது போக மொத்த கோடும் எரரைப் புடிக்கிற ஒரே ட்ரை-கேட்ச்குள்ள, கேட்ச்ல எரரை எழுதிக் காட்டுற ஒரு ‘ரைட்’ மட்டும். க்ளவுட் பேஜ்ல (வெப் பேஜ்) டெஸ்ட் பண்ணா ரைட் ஸ்க்ரீன்ல தெரியும், ஸ்க்ரிப்ட் ஆக்டிவிட்டில அது எங்கயும் போய் சேராது. எரரே வந்திருந்தாலும் பச்சைதான் காட்டியிருக்கும்.

லூப் போட்டோம், உடனே அடுத்த சுவர். ஸ்க்ரிப்ட் ஆக்டிவிட்டிக்கு 30 நிமிஷம்தான் டைம், அதுக்குள்ள முடியலன்னா கட், பாதி ரோ போயிருக்கும் பாதி இருக்காது. பேட்ச் பேட்ச்சா படிச்சு திரும்ப பேட்ச் பேட்ச்சா எழுதுறது லட்சக்கணக்குல ரோ இருந்தா கட்டுப்படியாகாது. ஒரு தடவை பட்ட பிறகு நான் யாருக்கும் சொல்றது இதுதான்: ஸ்ட்ரக்சரை ஸ்க்ரிப்ட் செய்யட்டும், ரோவை எஸ்க்யூஎல் க்வெரி ஆக்டிவிட்டி (ஒரு டேபிள்ல இருந்து ரோவை எடுத்து இன்னொண்ணுல போடுற ஸ்டெப்) தூக்கட்டும். க்வெரிக்கும் அதே 30 நிமிஷ லிமிட்தான், ஆனா ஜாயின் எதுவும் இல்லாத நேரடி செலக்ட்டை ஓவர்ரைட் மோட்ல (பழசை அழிச்சிட்டு எழுதுறது) விட்டா எங்க டேபிள் சைஸுக்கு அந்த லிமிட் பக்கத்துலயே போகல. ஃபீல்டு பேரெல்லாம் ஸ்க்ரிப்ட் கையில ஏற்கனவே இருக்கு, அதை வச்சே செலக்ட் வரியையும் கட்டிடலாம், பேருக்கு நடுவுல ஸ்பேஸ் இருந்தா சதுர அடைப்புக்குறி மறக்காதீங்க.

ஸ்ட்ரக்சர் பக்கம்தான் நுணுக்கம் அதிகம். ஃபீல்டு லிஸ்ட்டை ரிட்ரீவ் பண்ணா ஸ்க்ரீன்ல பாக்குற வரிசையில வராது, ‘ஆர்டினல்’ (வரிசை எண்) பாத்து நாமளே சார்ட் பண்ணணும். டெசிமலுக்கு நீளத்தோட ஸ்கேலையும் (புள்ளிக்கு அப்புறம் எத்தனை இலக்கம்) கொண்டு போகணும், இல்லன்னா பைசா போயிடும். சென்டபிள் (மெயில் அனுப்பப் பயன்படுற) டேபிளா இருந்தா இன்னும் ஒண்ணு: ரிட்ரீவ் பண்ணும்போது சப்ஸ்க்ரைபர் ஃபீல்டு பேரு முன்னாடி அண்டர்ஸ்கோரோட ஒட்டி ‘_சப்ஸ்க்ரைபர்கீ’ன்னு வரும், க்ரியேட் பண்ணும்போது ‘சப்ஸ்க்ரைபர் கீ’ன்னு ஸ்பேஸோட குடுக்கணும், வந்ததை அப்படியே திருப்பி அனுப்பினா டேபிள் உருவாகாது. டாக்குமென்ட்ல தேடித் தேடி அலுத்து, கடைசில லாக் டேபிள்ல ஸ்டேட்டஸ் மெசேஜை எழுத வச்சுதான் புடிச்சோம். புதுசா எழுதுறவங்களுக்கு இன்னொண்ணு, இது பழைய ஜாவாஸ்க்ரிப்ட், லெட், கான்ஸ்ட், ஏரோ ஃபங்ஷன் எதுவும் ஓடாது, எல்லாமே ‘வார்’தான்.

உங்களுக்கு என்ன நடந்துச்சுன்னு எழுதுங்க.

*

அண்ணா, ஒரே பிசினஸ் யூனிட்டுக்குள்ளன்னா (அக்கவுன்ட்டோட ஒரு கிளை) நீங்க சொன்னது சரி, நானும் க்வெரிதான். எங்களுக்கு ஒரு சைல்டு யூனிட்ல இருந்து இன்னொரு சைல்டுக்கு போகணும். க்வெரிக்கு பக்கத்து யூனிட்டோட டேபிள் கண்ணுக்கே தெரியாது, ஷேர்டு ஃபோல்டர்ல இருந்தா மட்டும் டேபிள் பேரு முன்னாடி ‘ஈஎன்டி’ புள்ளி போட்டு படிக்கலாம். ஷேர் பண்ண க்ளையன்ட் ஒத்துக்கல. அதனால டேட்டா எக்ஸ்ட்ராக்ட் ஃபைலை சேஃப்ஹவுஸ்ல (ப்ளாட்ஃபார்மோட உள் ஃபைல் இடம்) போடும், ஃபைல் ட்ரான்ஸ்ஃபர் அதை எஃப்டிபிக்கு நகத்தும், அந்தப் பக்கம் இம்போர்ட் எடுத்துக்கும், ஸ்ட்ரக்சர் மட்டும் ‘செட்க்ளையன்ட்ஐடி’ (எந்த யூனிட்டுன்னு சொல்றது) போட்டு டபிள்யூஎஸ்ப்ராக்ஸில.

இதுல எங்களைப் படுத்தினது தேதி. எக்ஸ்ட்ராக்ட்ல மாசம்-நாள்-வருஷம்னு வந்துது, இம்போர்ட்ல டேட் ஃபார்மட் இங்கிலாந்துன்னு செட் ஆகியிருந்துது. 12க்கு மேல இருக்குற நாளெல்லாம் எரர் ஆகி நின்னுடுச்சு, அதாவது நமக்குத் தெரிஞ்சுது. 12க்குள்ள இருந்ததெல்லாம் நாளும் மாசமும் இடம் மாறி சத்தமில்லாம உள்ள போயிடுச்சு, மார்ச் 4 பிறந்தநாள் ஏப்ரல் 3 ஆகிடுச்சு. எரர் ஆன ரோவை மட்டும் சரி பண்ணிட்டு விட்டிருந்தா பிறந்தநாள் மெயில் எத்தனை பேருக்கு தப்பான மாசத்துல போயிருக்கும்னு நெனச்சாலே பதறுது. இப்போ சோர்ஸ்லயும் டார்கெட்லயும் மாசவாரியா கவுன்ட் எடுத்து ஒப்பிட்டுட்டுதான் அடுத்த ஸ்டெப்.

*

தேதின்னதும் ஞாபகம் வந்துது. சர்வர் நேரம் யுடிசி (உலகப் பொது நேரம்) மைனஸ் 6, வருஷம் பூரா அதேதான், கோடை நேரம்னு மாறாது. நம்ம ஊர் நேரத்துக்கு 11.30 மணி நேரம் பின்னாடி. பேக்கப் பேர்ல தேதி ஒட்டுற ஸ்க்ரிப்டை காலையில 9 மணிக்கு ஓட விட்டா நேத்து தேதிதான் வரும். எங்க டீம்ல இப்போ பேர்லயே ‘சர்வர் தேதி’ன்னு சேத்து வச்சிருக்கோம், யாரும் குழம்புறதில்ல.

*

யாரும் தொடாத ஒரு விஷயம் இருக்கு, எனக்கு இதுதான் ரொம்ப முக்கியம். நாம எடுக்குற ஒவ்வொரு காப்பிலயும் மனுஷங்களோட ஈமெயில், ஃபோன் நம்பர், பிறந்த தேதி இருக்கு. ஐரோப்பா க்ளையன்ட்டுன்னா 2018ல இருந்து ஜிடிபிஆர் (தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம்) இருக்கு, ஒருத்தர் என் தகவலை அழிச்சிடுங்கன்னு கேட்டா அழிக்கணும். கான்டாக்ட் டெலீட் ஓட்டினா சென்டபிள் டேபிள்கள்ல இருந்து அவர் போயிடுவார், ஆனா நான்-சென்டபிள் டேபிளை அது தொடாது. பேக்கப்தானே, மெயில் அனுப்பப் போறதில்லன்னு ஸ்க்ரிப்ட்ல சென்டபிளை ஃபால்ஸ் ஆக்கிட்டா, அழிக்கச் சொன்ன ஆளோட தகவல் அங்கயே கெடக்கும். எங்க அக்கவுன்ட்ல அழிச்சிட்டோம்னு பதில் போன ஒருத்தரோட ஈமெயில் மூணு பழைய காப்பில இருந்துது, அதுக்கப்புறம் ரிட்டென்ஷன் (எத்தனை நாள்ல தானா அழியணும்ங்கற செட்டிங்) இல்லாம டேபிள் க்ரியேட் பண்ற எந்த ஸ்க்ரிப்டையும் நான் ரிவ்யூல பாஸ் பண்றதில்ல. பேக்கப்னா 30 நாள், அதுக்குமேல வேணும்னா யாரு கேக்குறாங்க எதுக்குன்னு டிக்கெட்ல இருக்கணும்.

*

மேல சொன்னது நூத்துக்கு நூறு சரி, ரிட்டென்ஷனை க்ரியேட் பண்ணும்போதே குடுத்துடுங்க, அப்புறமா பண்ணிக்கலாம்னா யாரும் பண்ண மாட்டாங்க. ஸ்க்ரிப்ட்ல இருந்தே க்வெரியை ஓட்டலாமான்னு இன்பாக்ஸ்ல கேட்ட தம்பிக்கும் இங்கயே சொல்லிடுறேன்: ஸ்க்ரிப்டுக்குள்ள இருந்து க்வெரியை ‘பெர்ஃபார்ம்’ பண்ணி ஸ்டார்ட் பண்ணலாம், ஆனா அது ஸ்டார்ட் ஆச்சுன்னு மட்டும்தான் பதில் வரும், முடிஞ்சுதான்னு ஸ்க்ரிப்ட் காத்துட்டு இருக்காது. அதனால டார்கெட் பேரு தினமும் மாறலன்னா ஆட்டோமேஷன்லயே தனித்தனி ஸ்டெப்பா போடுப்பா, முதல்ல ஸ்க்ரிப்ட், ரெண்டாவது க்வெரி, மூணாவது வெரிஃபிகேஷன் ஆக்டிவிட்டி. வெரிஃபிகேஷன்ல டார்கெட் கவுன்ட் இவ்வளவுக்குக் கீழ இருந்தா ஆட்டோமேஷனை நிறுத்து, மெயில் அனுப்புன்னு வச்சிடு. மெயில் ஐடி ஒரு ஆளோடது வேண்டாம், டீமோட க்ரூப் ஐடி குடு, ஆள் மாறினாலும் மெயில் யாராவது ஒருத்தருக்குப் போகும்.